கடைப் பணியாளர் தகராறும் நீதிமன்றத் தீர்ப்புகளும்: வணிகர் அறிய வேண்டிய பாடங்கள்



'எழுதாக் கடனுக்கு அழுதால் தீருமா?' என்பது பழமொழி. கொடுக்கல் வாங்கலில் நாம் இதை மறப்பதில்லை. கால் கிலோ பருப்பு கடனாகப் போனாலும் சிட்டையில் ஏறிவிடுகிறது. ஆனால் பத்தாண்டுகளாக நம்மோடு நின்று எடை போடும் பணியாளர் எந்தத் தேதியில் வேலைக்குச் சேர்ந்தார், என்ன சம்பளம் வாங்குகிறார், தீபாவளிக்கு வாங்கிய முன்பணத்தில் எவ்வளவு கழிந்தது என்பதெல்லாம் எத்தனை கடைகளில் எழுதப்பட்டிருக்கின்றன? நல்லபடியாக இருக்கும்வரை இந்தக் கேள்வி எழுவதே இல்லை. மனக்கசப்பு வந்து, அவர் சங்கத்தின் துணையோடு லேபர் ஆபீஸ் படியேறும் நாளில்தான் எழுகிறது.

தொழிலாளர் வழக்கு என்றால் கோவை மில்களுக்கும் திருப்பூர் பனியன் கம்பெனிகளுக்கும் வருவது, தாராபுரம் கடைவீதியில் நான்கு பேரை வைத்து மளிகை நடத்தும் நமக்கு அது எதற்கு என்ற எண்ணம் நம்மில் பலருக்கு உண்டு. அந்த எண்ணம் தவறு. ஒட்டன்சத்திரத்துக் காய்கறி லாரியானாலும், காங்கயத்து எண்ணெய் டின்னானாலும், இறக்குவதற்கு ஆள் வேண்டும். எடை போட ஆள் வேண்டும். கணக்கு எழுத ஆள் வேண்டும். ஆள் இருக்கும் இடத்தில் தொழிலாளர் சட்டமும் இருக்கிறது. ஆகவே இந்த இதழில், முதலாளி – தொழிற்சங்கத் தகராறுகளில் நீதிமன்றங்கள் வழங்கிய முக்கியத் தீர்ப்புகளையும், அவற்றிலிருந்து சிறு வணிகர்கள் கற்க வேண்டியதையும் பாடமாகத் தொகுத்துத் தருகிறோம்.

முன் தீர்ப்பு என்றால் என்ன?

ஒரு வழக்கில் உச்ச நீதிமன்றம் வகுத்த சட்ட விளக்கம், அதேபோன்ற அடுத்த வழக்குகளில் நாட்டின் எல்லா நீதிமன்றங்களையும் கட்டுப்படுத்தும். அரசியல் சாசனத்தின் 141-வது பிரிவு இதைச் சொல்கிறது. எங்கோ ஒரு கயிற்றுத் தொழிற்சாலை வழக்கின் தீர்ப்பு நம் மண்டிக்கும் பொருந்துவது இதனால்தான்.

இங்கே ஒரு மாற்றத்தையும் குறித்துக்கொள்ள வேண்டும். 1926-ஆம் ஆண்டின் தொழிற்சங்கச் சட்டம், 1947-ஆம் ஆண்டின் தொழிற்தகராறுச் சட்டம் ஆகியவற்றின் இடத்தில், 2020-ஆம் ஆண்டின் தொழில் உறவுகள் சட்டத் தொகுப்பு 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்துள்ளது. அதற்காகப் பழைய தீர்ப்புகள் வீணாகிவிடவில்லை. யார் முதலாளி, யார் தொழிலாளி, விசாரணை எப்படி இருக்க வேண்டும் என்பன போன்ற அடிப்படைகளை விளக்கிய தீர்ப்புகளைப் புதிய சட்டத்தின் சொற்களோடு சேர்த்துப் படிக்க வேண்டும். தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம், 1947 என்பது மாநிலச் சட்டம். அது தனியே நிற்கிறது.

பாடம் 1: சங்கம் வைப்பது குற்றமல்ல

1918 ஏப்ரல் 27 அன்று சென்னையில் 'மதராஸ் தொழிலாளர் சங்கம்' தொடங்கப்பட்டது. பெரம்பூர் பக்கிங்ஹாம் – கர்நாடிக் ஆலைத் தொழிலாளர்களுக்கான சங்கம் அது. இந்தியாவில் முறையாக அமைந்த முதல் தொழிற்சங்கம் என்று அதைச் சொல்வார்கள். அதற்கு முன்னின்ற செல்வபதி செட்டியாரும் இராமானுஜலு நாயுடுவும் ஆலைப் பகுதியைச் சேர்ந்த வணிகர்கள் என்பது நம்மில் பலர் அறியாத செய்தி. பி.பி. வாடியா தலைவரானார். திரு.வி.க. துணைத் தலைவராக இருந்தார்.

1920-இல் ஆலையில் கதவடைப்பு வந்தபோது, நிர்வாகமான பின்னி கம்பெனி சென்னை உயர் நீதிமன்றத்துக்குச் சென்றது. தொழிலாளர்களை வேலை ஒப்பந்தத்தை மீறத் தூண்டுகிறார்கள் என்று வாடியா முதலானோர் மேல் நஷ்டஈடு கேட்டது. நீதிமன்றமும் தலைவர்களுக்குத் தடையாணை பிறப்பித்தது. சங்கத்தைக் காக்கும் சட்டம் அன்று நாட்டில் இல்லை. இந்த வழக்கு எழுப்பிய கவலையில் 1921-இல் என்.எம். ஜோஷி மத்திய சட்டசபையில் தீர்மானம் கொண்டுவந்தார். அதன் பலனாக 1926-இல் தொழிற்சங்கச் சட்டம் பிறந்தது. முறைப்படி நடக்கும் சங்க நடவடிக்கைக்காகச் சங்கத்தின் மீதோ நிர்வாகிகள் மீதோ இப்படிப்பட்ட வழக்குப் போட முடியாத நிலை அப்போது ஏற்பட்டது.

ஆகவே, 'சங்கத்தில் சேர்ந்துவிட்டான், அதனால் நிறுத்திவிட்டேன்' என்ற பேச்சு எந்த நீதிமன்றத்திலும் எடுபடாது. அது முதலாளிக்கே எதிரான சாட்சியமாகும்.

பாடம் 2: கடையும் தொழில்தான்

1947-ஆம் ஆண்டுச் சட்டமே 'தொழில்' என்பதற்குள் வணிகத்தைச் சேர்த்திருந்தது. 1978 பிப்ரவரியில் பெங்களூர் குடிநீர் வாரியம் எதிர் இராஜப்பா வழக்கில், நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர் முதன்மைத் தீர்ப்பை எழுதிய ஏழு நீதிபதிகள் அமர்வு இதை மேலும் விரித்தது. முதலாளியும் பணியாளரும் கூடி, முறையாக, மக்களின் தேவைக்கான பொருளையோ சேவையையோ தருவார்களானால் அது தொழில்; லாப நோக்கம் இருக்கிறதா இல்லையா என்பது முக்கியமல்ல என்றது. ஆஸ்பத்திரியும் கல்வி நிலையமும் தொழிலா என்று விவாதம் நடந்ததுண்டு. மளிகைக் கடையைப் பற்றி அப்படி ஒரு விவாதமே இல்லை.

'அவர் சம்பளத்துக்கு இல்லை, உருப்படிக்கு இவ்வளவு என்று கூலி வாங்குகிறார். இஷ்டப்பட்ட நேரத்துக்கு வருவார், போவார். அவர் எப்படி என் பணியாளர்?' என்று சிலர் கேட்கலாம். இதே கேள்வியை ஐதராபாத் பக்கம் ஒரு தையல் கடை கேட்டது. 1973-இல் சில்வர் ஜூபிலி டெய்லரிங் ஹவுஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் பதில் சொன்னது. தையற்காரர்கள் உருப்படிக் கூலிக்குத்தான் தைத்தார்கள். ஆனால் இயந்திரம் கடைக்காரருடையது. தையல் சரியில்லை என்றால் பிரித்துத் தைக்கச் சொல்லும் உரிமையும் கடைக்காரருக்கு இருந்தது. ஆகவே அவர்கள் அந்தக் கடையின் பணியாளர்களே என்று தீர்ப்பாயிற்று. நம் கடையில் பொட்டலம் மடிக்கிறவருக்கும், மிளகாய் காம்பு கிள்ளுகிறவருக்கும் இந்த அளவுகோலை வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள்.

பாடம் 3: 'அவர்கள் மேஸ்திரி ஆட்கள்'

மூட்டை ஏற்றி இறக்குவதை மேஸ்திரியிடம் விட்டுவிட்டால் நமக்குப் பொறுப்பில்லை என்ற நம்பிக்கை மண்டிகளில் பரவலாக இருக்கிறது. 1978-இல் ஹுசைன்பாய் எதிர் ஆலத் தொழிற்சாலைத் தொழிலாளர் சங்கம் என்ற வழக்கு உச்ச நீதிமன்றத்துக்கு வந்தது. கோழிக்கோட்டில் கயிறு திரிக்கும் தொழிற்சாலை. 29 தொழிலாளர்களுக்கு வேலை மறுக்கப்பட்டது. அவர்கள் காண்டிராக்டரின் ஆட்கள், தமக்குச் சம்பந்தமில்லை என்றார் உரிமையாளர். நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. யாருடைய தொழிலுக்காக உழைப்பு தரப்படுகிறதோ, யார் வேலையை நிறுத்தினால் தொழிலாளியின் பிழைப்பே நின்றுபோகுமோ, அவரே உண்மையான முதலாளி. இடையில் ஒருவரை நிறுத்திவைத்து இந்த உறவை மறைக்க முடியாது என்றது.

இதைப் படித்துவிட்டு, தெருவில் பத்துக் கடைகளுக்கும் பொதுவாக மூட்டை தூக்கும் எல்லோரும் நம் பணியாளர்கள் ஆகிவிடுவார்கள் என்று அஞ்ச வேண்டியதில்லை. நம் ஒரு கடைக்கே, நம் சொல்படியே, ஆண்டு முழுவதும் வேலை செய்கிறாரா என்பதுதான் கேள்வி. பலருக்கும் பொதுவாக உழைப்பவர்களுக்கெனத் தமிழ்நாடு உடலுழைப்புத் தொழிலாளர்கள் சட்டம், 1982 இருக்கிறது. நல வாரியமும் இருக்கிறது. அவர்கள் வாரியத்தில் பதிவு செய்துகொள்ள நாம் உதவினால், விபத்து நேரும்போது அந்தக் குடும்பத்துக்கு ஓர் ஆதரவு கிடைக்கும்.

கேரளத்துக்குச் சரக்கு அனுப்பும் நம் வணிகர்கள் 'நோக்கு கூலி'யை அறிவார்கள். தொடாமல் பார்த்துக்கொண்டு நின்றதற்கே கூலி கேட்பது அது. அதை ஒழிப்பதாக அந்த மாநில அரசு 2018 மே 1 முதல் அறிவித்தது. 2021-இல் கேரள உயர் நீதிமன்றமும் அதைக் கடுமையாகக் கண்டித்தது. செய்த வேலைக்குக் கூலி என்பதே எந்தச் சட்டத்திலும் நிற்கும் கணக்கு.

பாடம் 4: 'அவனே நின்றுவிட்டான்'

இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் நினைவில் வைப்பதென்றால் இதை வையுங்கள்.

எடுத்துக்காட்டாக ஒன்றைப் பார்ப்போம். சரக்கு குறைகிறது. ஒரு பணியாளர் மேல் சந்தேகம் வருகிறது. கோபத்தில், 'நாளையிலிருந்து வர வேண்டாம்' என்று முதலாளி சொல்லிவிடுகிறார். ஒரு மாதம் கழித்து லேபர் ஆபீஸிலிருந்து நோட்டீஸ் வருகிறது. 'நான் நிறுத்தவில்லை, அவனே நின்றுவிட்டான்' என்று முதலாளி சொல்கிறார். திருட்டு உண்மையாகவே நடந்திருக்கலாம். ஆனால் கையில் ஒரு துண்டுக் காகிதம்கூட இல்லை.

1993 மே மாதம் டி.கே. யாதவ் எதிர் ஜே.எம்.ஏ. இண்டஸ்ட்ரீஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்பு இதற்கு நேரான பாடம். எட்டு நாட்களுக்கு மேல் சொல்லாமல் வராதவரின் வேலை தானாகவே போய்விடும் என்று நிர்வாகத்தின் நிலையாணையில் எழுதியே வைத்திருந்தார்கள். தொழிலாளியோ, தான் வந்ததாகவும் வாசலில் தடுத்துவிட்டதாகவும் சொன்னார். எழுதிவைத்த விதி இருந்தாலும், அவரை விசாரிக்காமல், பதில் சொல்ல வாய்ப்பளிக்காமல் வேலையை விட்டு நீக்க முடியாது. அது ஒருவரின் பிழைப்பைப் பறிப்பதாகும் என்று நீதிமன்றம் கூறியது. பாதிச் சம்பள பாக்கியோடு மீண்டும் வேலை தரச் சொன்னது. விதி எழுதிவைத்த கம்பெனிக்கே அந்த நிலை என்றால், எதுவும் எழுதாத நம் கடைக்கு என்ன ஆகும்?

நம் கடைகள் சட்டத்தின் 41-வது பிரிவும் இதையே சொல்கிறது. ஆறு மாதத்துக்குக் குறையாமல் தொடர்ந்து வேலை செய்த பணியாளரைத் தகுந்த காரணமின்றி நீக்கக் கூடாது. நீக்கினால் ஒரு மாத முன்னறிவிப்போ, அதற்கீடான சம்பளமோ தர வேண்டும். ஒழுங்கீனத்துக்காக நீக்குவதானால் முன்னறிவிப்பு வேண்டியதில்லை. ஆனால் அதற்கென விசாரணை நடத்தி, சாட்சியத்தைப் பதிவு செய்திருக்க வேண்டும். நீக்கப்பட்டவர் உரிய அதிகாரியிடம் மேல்முறையீடு செய்யலாம்.

விசாரணை என்றவுடன் மலைக்க வேண்டாம். என்ன குற்றம், எந்த நாள் என்று எழுதிக் கொடுத்துக் கையொப்பம் பெறுவது. வாங்க மறுத்தால் பதிவுத் தபாலில் அனுப்புவது. பதில் தர அவகாசம் கொடுப்பது. அவர் முன்னிலையில் சாட்சிகளைக் கேட்பது. அவர் சாட்சிகளைக் கேள்வி கேட்க விடுவது. எல்லாவற்றையும் எழுதி இருவரும் கையொப்பமிடுவது. இவ்வளவுதான். பார்த்த சாட்சியும் விசாரிப்பவரும் ஒருவராக இருக்கக் கூடாது. நமக்கு அறிமுகமான நடுநிலையாளர் ஒருவரை விசாரிக்கச் சொல்லலாம்.

இதைச் செய்யாததன் விலை என்ன? 2013 ஆகஸ்டில் தீபாலி குண்டு சுர்வாசே என்ற ஆசிரியையின் வழக்கில், தவறாக நீக்கப்பட்டவருக்கு வேலையோடு சம்பள பாக்கியும் தருவதே பொது விதி என்று உச்ச நீதிமன்றம் கூறியது. வேறெங்கும் சம்பாதிக்கவில்லை என்று பணியாளர் சொல்லிவிட்டால், சம்பாதித்தார் என்று காட்டும் பொறுப்பு முதலாளியுடையது. மாதம் 12,000 ரூபாய் சம்பளம், வழக்கு மூன்று ஆண்டு என்று வைத்துக்கொண்டால் பாக்கி மட்டும் 4,32,000 ரூபாய். ஒரு சிறிய கடையின் முதல் அதோடு போய்விடும். எதிர்ப்பக்கம் இருப்பவருக்கும் அந்த மூன்று ஆண்டுகள் அடுப்பெரியாத ஆண்டுகள்தான் என்பதை மறக்கலாகாது. ஒரு மணி நேரம் பொறுத்து விசாரித்திருந்தால் இரு குடும்பங்களும் தப்பியிருக்கும்.

பாடம் 5: வேலைநிறுத்தமும் அன்றைய கூலியும்

'ஸ்டிரைக் செய்யவே உரிமை கிடையாது என்று சுப்ரீம் கோர்ட் சொல்லிவிட்டதே' என்று சில வணிகர்கள் சொல்வதுண்டு. இது பாதி உண்மை. 1961-இல் வங்கி ஊழியர் வழக்கில், சங்கம் அமைப்பது அரசியல் சாசன உரிமை, ஆனால் வேலைநிறுத்தம் அடிப்படை உரிமையல்ல என்று தீர்ப்பாயிற்று. 2003-இல் தமிழக அரசு ஊழியர் வேலைநிறுத்தத்தில் ஏறத்தாழ 1.7 லட்சம் பேர் வேலைநீக்கம் செய்யப்பட்டபோது, ரங்கராஜன் வழக்கில் நீதிமன்றம் கடுமையாகப் பேசியது. ஆனால் அது அரசு ஊழியர்களைப் பற்றியது. தனியார் துறையில் வேலைநிறுத்தத்தைச் சட்டம் நிபந்தனைகளோடு ஒப்புக்கொள்கிறது. முன்பு பொதுப் பயன்பாட்டுத் துறைகளுக்கு மட்டுமே முன்னறிவிப்பு கட்டாயமாக இருந்தது. புதிய சட்டத் தொகுப்பின்படி எல்லாத் தொழில் நிறுவனங்களிலும் 14 நாள் முன்னறிவிப்பு வேண்டும். தொழிலாளர் மீது கதவடைப்புச் செய்ய நினைக்கும் முதலாளிக்கும் அதே விதிதான்.

வேலைநிறுத்த நாளுக்குச் சம்பளம் உண்டா? 1994-இல் சிண்டிகேட் வங்கி வழக்கில் ஐந்து நீதிபதிகள் அமர்வு தெளிவாகச் சொன்னது: வேலைநிறுத்தம் சட்டப்படியும் இருக்க வேண்டும், நியாயமானதாகவும் இருக்க வேண்டும். இரண்டும் இருந்தால்தான் சம்பளம் கோரலாம்.

அமைதியாகக் கூடி முழக்கமிடுவது வேறு. ஆளை உள்ளே வைத்து மறிப்பது வேறு. 1967-இல் ஜெய் எஞ்சினியரிங் வழக்கில் கல்கத்தா உயர் நீதிமன்றம், கெரோ எனப்படும் முற்றுகை சட்டப்படி குற்றமே, தொழிற்தகராறு என்ற பெயர் அதைக் காக்காது என்றது. ஆகவே நம் லாரியை மறித்தால் போலீசில் எழுத்துமூலம் புகார் தரலாம். நாமே ஆள் சேர்த்துக்கொண்டு அடிதடிக்குப் போனால் நம் பக்க நியாயம் போய்விடும். சட்டவிரோத வேலைநிறுத்தத்தால் வந்த நஷ்டத்தைத் தொழிலாளரிடம் வசூலிக்கலாம் என்றும் எண்ண வேண்டாம். 1975-இல் ரோதாஸ் இண்டஸ்ட்ரீஸ் வழக்கில் அந்தக் கோரிக்கை உச்ச நீதிமன்றத்தில் தோற்றது.

பாடம் 6: 'கட்டுப்படியாகவில்லை' என்பது பதிலாகாது

1957-இல் கிரவுன் அலுமினியம் வழக்கில், அடிப்படைக் குறைந்தபட்சக் கூலியைக்கூடத் தர முடியாத தொழிலுக்கு நீடிக்கும் உரிமை இல்லை என்று உச்ச நீதிமன்றம் கூறியது. 1961-இல் கேரள ஓட்டுத் தொழில் பற்றிய உண்ணிச்சோயி வழக்கிலும், முதலாளியின் சிரமத்தைப் பார்த்துக் குறைந்தபட்சக் கூலியைக் குறைக்க முடியாது என்றே தீர்ப்பு வந்தது. சோறும் டீயும் போடுகிறோம், பண்டிகைக்குத் துணி எடுத்துத் தருகிறோம் என்பது நம் நல்ல மனம். அதைக் குறைந்தபட்சக் கூலிக் கணக்கில் நாமாகவே கழித்துக்கொள்ள முடியாது.

பாடம் 7: பேசி முடித்தால் எழுதி முடியுங்கள்

நம் மாவட்டத் தலைநகரான திருப்பூரில் 1984-இல் பஞ்சப்படிக்காகப் பனியன் தொழிலாளர்கள் 127 நாட்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். தொழில் முடங்கியதும் தொழிலாளர் வீடுகள் வாடியதும் நம் பகுதியில் மூத்தவர்களுக்கு நினைவிருக்கும். பனியன் தொழிலில் முதலாளிகள் சங்கங்களும் தொழிற்சங்கங்களும் உட்கார்ந்து பேசிக் கூலி ஒப்பந்தம் போட்டுக்கொள்வது இன்று வழக்கமாக இருக்கிறது. நம் வட்டாரத்தில் '12(3) ஒப்பந்தம்' என்ற சொல் மில் தொழிலாளி முதல் வக்கீல் குமாஸ்தா வரை எல்லோர் வாயிலும் வரும். பழைய சட்டத்தின்படி சமரச அதிகாரி முன்னிலையில் போடும் ஒப்பந்தம் அது.

இப்படிப்பட்ட ஒப்பந்தத்துக்கு நீதிமன்றம் மதிப்புத் தருகிறது. 1976-இல் ஹெர்பர்ட்சன்ஸ் வழக்கில், ஒப்பந்தத்தை முழுமையாகவே பார்க்க வேண்டும், ஓர் அம்சத்தை மட்டும் பிய்த்தெடுத்து இது குறைவு என்று சொல்லக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் கூறியது. ஏற்றுகூலி, இறக்குகூலி உயர்வுக்கும் இதே வழி நல்லது. கடைக்குக் கடை தனித்தனியாகப் பேசி, ஒருவர் ஒரு ரூபாய் கூட்ட, மற்றவர் மறுக்க, தெரு முழுதும் தகராறாவதை விட, வணிகர் சங்கமும் சுமைப்பணியாளர் சங்கமும் பேசி, மூட்டை எடைக்கு ஏற்பக் கூலியும், ஒப்பந்தம் எத்தனை காலம் என்பதும் எழுதிக் கையொப்பமிடுவது இரு தரப்புக்கும் நிம்மதி.

உடனே செய்ய வேண்டியவை

1. பணியாளர் ஒவ்வொருவருக்கும் சேர்ந்த தேதி, வேலை, சம்பளம் எழுதிய நியமனக் கடிதம் கொடுத்து, நகலில் கையொப்பம் பெறுங்கள்.

2. வருகைப் பதிவேடும் சம்பளப் பதிவேடும் தினமும் எழுதப்படட்டும். முன்பணத்தைத் தனியே காட்டுங்கள்.

3. சொல்லாமல் வராத பணியாளருக்கு, வேலைக்குத் திரும்பும்படி பதிவுத் தபாலில் கடிதம் அனுப்புங்கள். பதில் இல்லாவிட்டால் இன்னொன்று. 'அவனே நின்றுவிட்டான்' என்பதற்கு இதுவே சாட்சி.

4. வியாபாரம் குறைந்து ஆளைக் குறைப்பதானால், ஓராண்டு தொடர்ந்து வேலை செய்தவருக்கு ஒரு மாத முன்னறிவிப்பும், முடித்த ஒவ்வோர் ஆண்டுக்கும் 15 நாள் சம்பளமும் தர வேண்டும் என்பதை மறவாதீர்கள்.

5. நோட்டீஸ் வந்தால் போகாமல் இருக்காதீர்கள். சமரசப் பேச்சு நடக்கும் மேசையில் பத்தாயிரத்தில் முடிவது, நீதிமன்றத்தில் பல மடங்காகும்.

6. வழக்கு வந்தபின் முன்தேதியிட்டு ஏடு எழுதாதீர்கள். அதைக் கண்டுபிடிப்பது வக்கீலுக்கு எளிது.

வணிகப் பெருமக்களே, இத்தனை தீர்ப்புகளையும் சேர்த்துப் பார்த்தால், நீதிமன்றம் முதலாளியிடம் கேட்பது இரண்டே கேள்விகள்தான். அவரைக் கேட்டீர்களா? அதை எழுதினீர்களா? கல்லாவைச் சாத்துமுன் அன்றைய கணக்கை முடிக்கும் பழக்கம் நமக்கு உண்டு. பணியாளர் ஏட்டையும் அந்தக் கணக்கோடு சேர்த்துக்கொண்டால் போதும். நம்மை நம்பி நிற்பவருக்கு நியாயமும், நாம் கட்டிய கடைக்குக் காவலும் அதிலேயே அடங்கியிருக்கின்றன.